சொந்த ஊர்த் தள்ளுபடி

பெல்மார், ஒஹையோ
2 மார்ச் 1993

அன்புள்ள அக்கா வெர்லீனுக்கு,

உன் தம்பி ரேஃபோர்ட் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அறுவை செய்த தோள் இப்போது தலைக்கு மேலே போகிறது, அதனால் முதல் வரியிலேயே கவலையை விட்டுவிடு. நீயும் ஹோசியா அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு வாரமாக ஃபோன் போட்டுப் பார்க்கிறேன், மணியே அடிக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். பெல்மார் ஃபுட்பால் அணியோடு என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இந்த வருஷம் வந்த புதுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவன் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். நேற்று முதலாளி ஹால்வர்சன் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆறு வருஷத்தில் முதல் முறை. மாட்டிறைச்சி வறுவல், மூன்று விதமான முட்கரண்டி. சாப்பிட்டு முடிந்ததும் தோளில் கை போட்டு, "பாரு மகனே, நாமெல்லாம் ஒரே குடும்பம். இது உன் சொந்த ஊரு. சொந்த ஊர்த் தள்ளுபடின்னு ஒண்ணு இருக்குல்ல, அதைக் கொஞ்சம் பார்த்துப் போடு" என்றார்.

மூன்று வருஷத்துக்கு, வருஷம் எட்டு லட்சம் டாலர் தருவாராம். என் ஏஜெண்ட் ப்ரூயிட், என்னை மாதிரி எதிரணிப் பந்தெறிகாரனைத் துரத்திப் பிடித்துத் தரையில் சாய்க்கிறவனுக்கு வெளியே பதின்மூன்று லட்சம் போகிறது என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் அக்கா, இங்கே முடிவெட்டும் கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பாசத்துடன்,
ரேஃபோர்ட்


டன்லீ, மிசிசிப்பி
10 மார்ச் 1993

என் அருமைத் தம்பிக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முதுகு வலி, அது எப்போதும் உள்ளதுதான். புயலில் கம்பம் சாய்ந்து ஃபோன் கம்பி அறுந்து கிடக்கிறது. கம்பெனிக்காரன் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்கிறான். வரும்போது வரட்டும். வேலை வழக்கம் போல.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எப்படிப் படித்தாலும் எரிச்சல்தான் வந்தது.

எதடா உன் சொந்த ஊர்? உன் தொப்புள்கொடி டன்லீயில் விழுந்தது. நம் அம்மாவைப் புதைத்தது டன்லீயில். நீ பெல்மாருக்குப் போன முதல் வருஷம் ஏரிக்கரையில் வாடகைக்கு வீடு கேட்டாயே, "காலியாக இருக்கிறது" என்று ஃபோனில் சொன்னவள் உன் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் "நேற்றே போய்விட்டது" என்றாளே, அன்றைக்கு அது யாருடைய சொந்த ஊராக இருந்தது? அன்று ராத்திரி நீ எனக்கு ஃபோனில் அழுதாய். நான் மறக்கவில்லை.

இன்னொன்று கேள். உங்கள் அணியின் பந்தெறிகாரன் அதே பெல்மாரில் பிறந்து வளர்ந்தவன்தானே? அவன் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தான்? மைதானத்தில் பீர் விற்கிற முதலாளி ஊர்க்காரர்களுக்கு விலை குறைத்துக் கொடுக்கிறாரா? இதை அப்படியே ஹால்வர்சனிடம் கேட்டு எனக்கு எழுது. முடிவெட்டுகிறவர் நல்ல மனிதர், அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அதற்காக ஐந்து லட்சம் கொடுத்து யாராவது முடி வெட்டிக்கொள்வார்களா?

தோளைப் பார்த்துக்கொள். குளிரில் திறந்த சட்டையோடு திரியாதே.

உன் அக்கா,
வெர்லீன்


பெல்மார்
19 மார்ச் 1993

அன்பான அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் இன்னும் செத்துதான் கிடக்கிறது. புயல் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கம் புயல் அடித்ததாக இங்கே எந்தப் பேப்பரிலும் இல்லை.

நீ சொன்னதை எல்லாம் கேட்டேன். பீர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஹால்வர்சன் முகம் சுருங்கிவிட்டது. மேலாளரைக் கூப்பிட்டார். அவர் கணக்கை எடுத்து விரித்தார். போன வருஷம் நான் பந்தெறிகாரனைச் சாய்த்தது ஏழரை தடவைதானாம். அந்த அரை எப்படி வந்தது தெரியுமா? இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைச் சாய்த்தால் ஆளுக்குப் பாதி. நான் அவனை இடுப்போடு பிடித்து இழுக்கும்போது எங்கிருந்தோ ஓடிவந்து மேலே விழுகிறவனுக்கும் பாதி. என்னைத் தடுக்க ஒவ்வொரு முறையும் எதிரணி இரண்டு ஆளை நிறுத்துகிறது, அதனால்தான் மறுபக்கத்துப் பையனுக்குப் பாதை திறக்கிறது, அவன் பதினொரு தடவை சாய்த்தான் என்று சொன்னேன். அதற்கெல்லாம் இந்தக் கணக்கில் கட்டம் இல்லை என்றார் மேலாளர்.

கடைசியில் வருஷம் ஒன்பது லட்சம் என்றார்கள். எழுந்து வரும்போது ஹால்வர்சன் சொன்னது மட்டும் உறுத்துகிறது. "உன்னை ஒழுங்கா வளர்த்திருக்காங்கன்னு நெனச்சேன், மகனே" என்றார்.

மறுநாள் பேப்பரில் என் படத்தைப் போட்டுப் பேராசைக்காரன் என்று எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் ஏப்ரல் 26 வரைதான் மேஜையில் இருக்குமாம். டல்ஸா அணி விசாரித்ததாக ப்ரூயிட் சொல்கிறார். விசாரித்ததோடு சரி, எண் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது கெட்ட காசா அக்கா?

உன் தம்பி,
ரேஃபோர்ட்


டன்லீ
29 மார்ச் 1993

தம்பி,

சுகம். நீ சுகமா?

உன்னை வளர்த்தது யார் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா? அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. உனக்கு ஷூ வாங்க நான் கெளுத்தி மீன் ஆலையில் கத்தி பிடித்தேன். ஒழுங்காகத்தான் வளர்த்தேன். யார் எதைக் கொடுத்தாலும் தலையாட்டி வாங்கிக்கொள்ள மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் அவர் கண்ணுக்கு ஒழுங்கு என்றால், நான் உன்னைக் கெடுத்துதான் வளர்த்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் ஆலை முதலாளியும் வாயைத் திறந்தால் குடும்பம் என்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு கோழி கொடுப்பான். மூத்திரம் போக மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடமாட்டான். குடும்பத்தில் எவனடா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வாசலில் நிற்பான்?

ஒன்பது நல்ல காசா கெட்ட காசா என்று என்னைக் கேட்காதே. உன் விலை என்ன என்று உனக்குத் தெரியும்.

கை விறைத்துப் போயிருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது. காலையெல்லாம் ஈரக்காற்றில் வெளியே நின்றால் அப்படித்தான். சபைப் பெண்கள் காபி கொண்டுவருகிறார்கள், அதனால் பிழைத்தோம். அத்தான் உன்னைக் கேட்டார்.

அக்கா


பெல்மார்
5 ஏப்ரல் 1993

அக்கா,

நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

மீன் அறுக்கும் வேலை ஆலைக்கு உள்ளே. பத்தொன்பது வருஷமாக நீ உள்ளேதான் நிற்கிறாய். காலையெல்லாம் வெளியே ஏன் நிற்கிறாய்? யார் யார் நிற்கிறீர்கள்? சபைப் பெண்கள் ஏன் காபி கொண்டுவருகிறார்கள்?

ஃபோன் கம்பெனிக்கே கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே இருந்த பெண், கம்பமெல்லாம் நிமிர்ந்துதான் நிற்கிறது சார், கட்டணம் கட்டவில்லை, அதனால் இணைப்பை எடுத்துவிட்டோம் என்றாள். பாக்கியை நான் கட்டுகிறேன் என்றேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதம் வேண்டுமாம்.

நீ என்னிடம் பொய் சொன்னதே இல்லை. உடனே பதில் போடு.

ரேஃபோர்ட்


டன்லீ
13 ஏப்ரல் 1993

அன்புள்ள மச்சான் ரேஃபோர்டுக்கு,

ஹோசியா எழுதுவது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். எங்கள் கல்யாணப் பத்திரிகைகூட உன் அக்காதான் எழுதினாள். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்து மேஜையில் கிடக்கிறது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், பதில் எழுதவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

புத்தாண்டு பிறந்த வாரத்திலிருந்து ஆலையில் வேலைநிறுத்தம். நூறு பெண்களுக்கு மேல் வாசலில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது உன் அக்காவும் அவள் தோழி அர்னெட்டாவும். மணிக்கு நாலரை டாலர் கூலியைக் கொஞ்சம் கூட்டு, கக்கூஸுக்குப் போக விடு, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பருத்தி அரைக்கும் பருவம் இல்லாததால் எனக்கும் வேலை இல்லை. முதலில் ஃபோன் போயிற்று. போன வாரம் கடன்காரர்கள் வந்து டிரக்கை இழுத்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நீ மட்டும் உள்ளே வா, உன்னைக் கண்காணிப்பாளர் ஆக்குகிறேன், மணிக்கு இரண்டு டாலர் அதிகம் என்றான். என்ன சொன்னாள் என்று நான் எழுதமாட்டேன், சபையில் கேட்டால் என்னை நீக்கிவிடுவார்கள்.

உனக்குத் தெரிந்தால் அவசரப்பட்டுக் குறைந்த காசுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று பயப்படுகிறாள். எனக்கு உன்னையும் தெரியும், அவளையும் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

உன் மச்சான்,
ஹோசியா


பெல்மார்
17 ஏப்ரல் 1993

அக்கா,

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே, என்னைத் திட்டு.

மூன்றரை மாதம் ரோட்டில் நின்றிருக்கிறாய். நான் இங்கே மூன்று முட்கரண்டியில் எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது, உன் மேல்தான்.

ஒன்பது லட்சத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். 26ஆம் தேதி, திங்கட்கிழமை, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கையெழுத்து. அன்றே இரண்டு லட்சம் முன்பணம். எங்களுக்கு ஆட்டம் நடக்கிற மாதங்களில்தான் சம்பளம். இந்த வீட்டை வாங்கியதிலும் தோள் அறுவையிலும் கையிருப்பு கரைந்துவிட்டது. இருப்பதை அனுப்பினால் உன் ஒரு வீட்டுக்குத்தான் வரும், நீ அதைத் தொடமாட்டாய். வாசலில் நிற்கிற அத்தனை வீட்டுக்கும் அனுப்ப வேண்டுமானால் முன்பணம் வேண்டும். கணக்குப் பார்த்துவிட்டேன்.

பிடிவாதம் பிடிக்காதே. இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

உன் ரேஃபோர்ட்


டன்லீ
20 ஏப்ரல் 1993

ரேஃபோர்ட்,

இது விரைவுத் தபால். வாசலில் நிற்கிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு அனுப்புகிறார்கள். உன் கடிதத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், மூளைதான் கெட்டுப் போயிருக்கிறது.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், உன் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடாதே.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேள். எங்கள் முதலாளி தினமும் காலையில் உள்ளூர் ரேடியோவில் பேசுகிறான். இந்த மாவட்டத்தில் உன்னைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நீ ஒன்பதுக்குக் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை அவன் என்ன சொல்வான் தெரியுமா? "வெர்லீனோட தம்பியைப் பாருங்க. பெரிய ஆட்டக்காரன். அவனே முதலாளி மேல விசுவாசம் வெச்சு நாலு லட்சத்தை விட்டுக் குடுத்தான். இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன கொறைச்சல்?" இதைத்தான் சொல்வான். மூன்றரை மாதம் நாங்கள் பட்டினி கிடந்து பிடித்த கயிற்றை நீயே போய் அறுத்துவிடுவாய். பிறகு உன் இரண்டு லட்சத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது? இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு அதே நாலரை டாலருக்கு உள்ளே போவதா?

அர்னெட்டா இதை எழுதச் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "உன் தம்பிகிட்ட சொல்லு, எங்க பேரைச் சொல்லி யாருக்கும் மலிவா போகாதேன்னு. எங்களுக்குச் சோறு முக்கியம்தான், ஆனா அதைவிட எங்களுக்கு அவன் தோக்காம இருக்கணும்."

நாங்கள் தாங்குவோம். சபை மாவும் பன்றிக்கொழுப்பும் தருகிறது, குளத்தில் மீன் இருக்கிறது. உனக்கு வெளியே ஒரு காசும் கிடைக்காமல் போனால் டன்லீக்கு வா. இங்கே படுக்க இடம் உண்டு. ஆனால் என்னைக் காரணம் காட்டிக் கையெழுத்துப் போட்டாயானால், இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன்னை வளர்த்தவள்,
வெர்லீன்


பெல்மார்
28 ஏப்ரல் 1993

அக்காவுக்கு,

உன் தபால் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுக்க அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

திங்கட்கிழமை போனேன். மேஜைமேல் பச்சைத் துணி, பேனா, புதுத் தொப்பி. கேமராக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். ஹால்வர்சன் மைக்கில், இந்தப் பையன் சொந்த ஊர்த் தள்ளுபடி கொடுத்து நம் மனசைக் குளிரவைத்துவிட்டான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பேனாவை என் கையில் கொடுத்தார்.

நான் எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஐயா, நீங்க சொந்த ஊர்த் தள்ளுபடி கேட்டீங்க. என் சொந்த ஊரு மிசிசிப்பியில டன்லீ. அங்க மீன் ஆலை வாசல்ல என் அக்காவும் நூறு பொம்பளைங்களும் ஜனவரியில இருந்து நிக்கிறாங்க, கூலியக் கூட்டுன்னு. அந்த ஊர்ல இந்த வருஷம் யாரும் தள்ளுபடி குடுக்கறதில்ல."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். புதுத் தொப்பியையும் தொடவில்லை. ப்ரூயிட் கார் வரைக்கும் என் பின்னாலேயே ஓடிவந்தார். ஏறி உட்கார்ந்ததும், இது பைத்தியக்காரத்தனம், ஆனால் பார்க்க நன்றாக இருந்தது என்றார்.

நிலவரம் இதுதான். எனக்கு இப்போது அணி இல்லை. யாரோ என் வீட்டு வாசலில் என் எண் போட்ட சட்டையைக் கொளுத்திப் போட்டிருந்தார்கள். முடிவெட்டுகிறவர் நேற்றும் காசு வாங்கவில்லை.

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? நான் செய்தது உங்களுக்கு உதவியா, கெடுதலா?

ரேஃபோர்ட்


டன்லீ
9 மே 1993

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்த முறை பொய் இல்லை.

நீ பேசியது டெலிவிஷனில் வந்தது. ஜாக்சனிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூலி கேட்டதைக் காட்டினார்கள், கக்கூஸ் கடிகாரத்தையும் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் மீனை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள் முதலாளிக்கு ஃபோன் போட்டார்களாம். அடுத்த வாரமே பேச்சுவார்த்தைக்கு வா என்றான்.

மணிக்கு நாற்பது சென்ட் கூடுதல். நாங்கள் கேட்டது அறுபது. கக்கூஸுக்குக் கடிகாரம் இல்லை. கடைசியில் ஒரு காகிதம் நீட்டினான். நடந்ததற்கு வருந்துகிறோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அர்னெட்டா அதை வாங்கி மூக்கைச் சிந்தித் திருப்பிக் கொடுத்தாள். அவன் மறுபடி அதை நீட்டவில்லை. நாளை உள்ளே போகிறோம். என்னை மீன் தலை வெட்டும் ரம்பத்தில் வேலைக்குப் போட்டிருக்கிறான், பழிவாங்குகிறானாம். போடட்டும்.

ப்ரூயிட் ஹோசியாவின் அண்ணன் வீட்டு ஃபோனில் கூப்பிட்டு எல்லாம் சொன்னார். டல்ஸா பன்னிரண்டு லட்சம் என்கிறதாம். ஹால்வர்சன் ஆள் அனுப்பிப் பதினாலு தருகிறேன், ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாராம். நீ என்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாயாமே.

என்னைக் கேட்காதே. மன்னிப்புக்கு இரண்டு லட்சம் அதிகமா குறைவா என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்குக் கொடுத்த காகிதத்துக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டேன். மீதி உன் கையில்.

தோள் பத்திரம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


டல்ஸா, ஒக்லஹோமா
24 மே 1993

அன்பான அக்காவுக்கு, அத்தானுக்கு, வாசலில் நின்ற எல்லோருக்கும்,

நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது, தோளுக்கு நல்லது.

பன்னிரண்டு லட்சத்துக்கு நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். ஹால்வர்சனின் ஆளிடம் அவர் பதினாலை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே சொந்த ஊர், குடும்பம் என்று யாரும் பேசவில்லை. விலையைச் சொன்னார்கள், ப்ரூயிட் ஒன்று சொன்னார், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அப்பாடா என்று இருந்தது.

ஆட்டங்களின் அட்டவணை வந்துவிட்டது. அக்டோபர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, பெல்மாரில், ஹால்வர்சனின் மைதானத்தில், பெல்மாருக்கு எதிராக ஆடுகிறோம். அவருடைய பந்தெறிகாரனை நான்தான் துரத்த வேண்டும். பழைய நண்பன், நல்லவன். விலா எலும்புக்குத் தடிமனாக ஏதாவது கட்டிக்கொள் என்று அவனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன், நூற்றுப் பத்து இருக்கை. ஹால்வர்சன் உட்காரும் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே, மூன்று வரிசை முழுக்க உங்களுக்குத்தான். மூன்று பஸ் சனிக்கிழமை காலை ஆலை வாசலிலிருந்து புறப்படும். முதலாளியிடம் விடுப்பு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தையும் எழுதுங்கள்.

முழுக் காசு கொடுத்துதான் வாங்கினேன் அக்கா. ஆட்டக்காரர்களுக்குக் குறைத்துத் தருவோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ரேஃபோர்ட்